வினைச்சொல் வரும் வரை

ஏழாம் அறைக்காரி விட்டுப்போனது.
ஈரம் குடித்து உப்பிய அட்டை,
முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம், ஜெர்மன்.

ஐப்பசி மழையில் ஹப்புத்தளை
வெள்ளைக்காரர் வரத்தின்றிக் கிடந்தது.
விரிப்பு மாற்றத் தேவையில்லாத கட்டில்களுக்கு நடுவே
இனோகாதான் பந்தயத்தை ஆரம்பித்தாள்:
எனக்கு இது, அவளுக்கு ஒரு பிரெஞ்சு.
தைப்பொங்கலுக்குள் முடிக்காதவள்
கெஸ்ட் ஹவுஸின் இருபத்திரண்டு கம்பளியையும்
துவைக்க வேண்டும், மெஷின் இல்லாமல்.

"படிச்சா சம்பளம் கூட்டுவானா?" என்றான் தம்பி.
கூட்ட மாட்டான்.
மூன்று வருஷத்தில் நான் சேர்த்த ஜெர்மன்
துவாய், சுடுதண்ணீர், சாவி,
நாளைக்கு மழை வராது என்கிற பொய்.

முதல் நாள் அரைப் பக்கம்.
அதற்கே அகராதி அறுபது தரம்.
போனில் சிக்னல் பிடிக்க
தண்ணீர்த் தொட்டி வரை ஏற வேண்டும்.
ஏறி இறங்குவதற்குள்
போன சொல்லின் முகம் மறந்துபோகும்.

அவர்கள் பெயர்ச்சொல்லுக்கெல்லாம்
பெரிய எழுத்துப் போடுகிறார்கள்.
மேசைக்கு, சேற்றுக்கு, வேலைக்காரிக்கு,
ஒரே மரியாதை.
அதனால் வந்த வினை:
மூன்றாம் பக்கத்தில் ஏரிக்கரையில் ஒதுங்கிய லைஷெயைக்
கதாநாயகி என்று நினைத்துவிட்டேன்.
பெண்பால் வேறு.
பதினோரு பக்கம் காத்திருந்தேன்
இப்போது வாய் திறப்பாள், இப்போது திறப்பாள் என்று.
சுற்றி நிற்கிறார்கள், படம் எடுக்கிறார்கள்,
உயரம் அளக்கிறார்கள்.
அவளோ ஒரு வார்த்தை பேசவில்லை.
சரியான அழுத்தக்காரி.
பன்னிரண்டாம் நாள் தொட்டியடியில் பார்த்தேன்:
லைஷெ என்றால் பிணம்.

அங்கே சூரியன் பெண். நிலா ஆண்.
சிறுமி அஃறிணை.
இதைச் சொன்னபோது இனோகா
சிங்களத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி
தலையணை உறையை உதறினாள்.

பிறகு ஒரு இரவு, ஒரு வசனம்.
யார், எப்போது, எந்தப் படகில்,
யாருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு என்று
அடுக்கிக்கொண்டே போய்
முற்றுப்புள்ளிக்கு ஒட்டினாற்போல்
வினையைக் கொண்டுவந்து வைத்தது.
அட, இது எங்கள் வீட்டு வழி அல்லவா.
கடைசிப் படிக்கு வந்துதானே செருப்பைக் கழற்றுவோம்.
இங்கிலீஷ் டீச்சர் அடிமட்டத்தால் அடித்து விரட்டிய பழக்கத்தை
ஒருவன் அச்சுப் போட்டு விற்கிறான்.

மார்கழியில்
பள்ளத்தாக்கு முழுவதும் ஜன்னல் வழி உள்ளே வந்து
புத்தகத்தின் மேல் உட்கார்ந்த ஒரு பகலில்
எண்பத்தேழாம் பக்கத்தில் ரயில் டிக்கெட்.
கண்டி – ஹப்புத்தளை, இரண்டாம் வகுப்பு.
அதுவரை பென்சில் கோடு, ஒரு ஆச்சரியக்குறி,
கோப்பைக் கறை.
அதற்கப்புறம் ஒன்றுமில்லை.
தாள்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு தூங்கின.

தாய்மொழிக்காரி இறங்கிக்கொண்ட ஸ்டேஷன் அது.

வெகுநேரம் அங்கேயே நின்றேன்.
பிறகு நகத்தால் பிரித்தேன்
எண்பத்தெட்டை.

பொங்கலன்று நான் இருநூற்று அறுபத்து மூன்றில்.
இனோகா முடித்துவிட்டாள்.
அட்டையை அன்றுதான் காட்டினாள்:
சமையல் குறிப்பு, பாதிக்குப் பாதி படம்.
பந்தயம் பந்தயம்தான்.

பின்புறத் தொட்டியில் மிதிக்கிறேன்.
கணுக்கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டிய தண்ணீர்.
பதினான்காம் கம்பளியில்,
நேற்றிரவு விளங்காமல் விட்ட வசனம்
தானாக அவிழ்ந்தது:
படகுக்காரன் பொய் சொல்லியிருக்கிறான்.
அகராதி இல்லை. போனும் கையில் இல்லை.
சோப்பு நுரைக்குள் ஒரு கால் தூக்கியபடி.

இன்னும் ஐம்பத்தைந்து பக்கம்.
டிக்கெட்டை அங்கே நகர்த்தி வைத்திருக்கிறேன்.
இடையில் ஏழாம் அறைக்காரி திரும்பி வந்தால்
புத்தகத்தைத் தர மாட்டேன்.
கதையை வேண்டுமானால் சொல்கிறேன்,
எண்பத்தெட்டிலிருந்து,
என் ஜெர்மனில்.